மாலை போட்ட வீடு

செங்கமலம் அலமாரியின் அடித்தட்டிலிருந்து நாப்கின் பாக்கெட்டை எடுத்து மகளின் மடியில் விட்டெறிந்தாள். சங்கராந்திக்கு முன்னால் வாங்கிய பாக்கெட். மாசி பிறந்தும் பிரிக்கப்படாமல் கடையில் கொடுத்தபடியே இருந்தது.

"இன்னாடி இது?"

யமுனா சோஷியல் புத்தகத்தை மூடாமல் நிமிர்ந்து பார்த்தாள். "பாக்கெட்டு."

கன்னத்தில் பளாரென்று விழுந்தது. "பாக்கெட்டுன்னு எனுக்குத் தெரியாதா? ஏன் பிரிக்கல?"

"வர்லம்மா."

"வர்லன்னா? எங்க போச்சி?"

எங்கே போனது என்று யமுனாவுக்கு எப்படித் தெரியும்? முதல் தடவை வந்தபோது ஏன் வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. அதைத் தொடாதே, இங்கே உட்காராதே என்று மட்டும் வரிசையாகச் சொன்னார்கள். இப்போது வரவில்லை என்றால் அவளிடமே கணக்குக் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால், வராமல் இருந்தது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்குகிறது. அது முடிந்தால் திருப்பதியில் பாலிடெக்னிக், ஹாஸ்டல், இந்த ஒற்றை அறையிலிருந்து விடுதலை. இந்த நேரத்தில் ஒரு தொல்லை குறைந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

தொல்லை என்றால் சாதாரணத் தொல்லை இல்லை. நாகலாபுரத்துக் காலனியில் அவர்கள் வீடு ஒரே அறை, ஒரு சமையல் மூலை. அப்பா ஆதிகேசவன் வருடா வருடம் கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர். கறுப்பு வேட்டி கட்டிவிட்டால் அவர் நைனா இல்லை, சாமி. பெற்ற மகளும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். சாமிக்குத் தனித் தட்டு, தனிப் பாய், தனிச் சொம்பு. சாமி மலைக்குப் போய்த் திரும்புகிறவரை வீட்டுப் பெண்கள் யாரும் தூரமாகக் கூடாது; மாதவிலக்கு வந்துவிட்டால் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. ஆனால் எங்கே போய் இருப்பது என்பதைச் சாமி யோசிக்கவில்லை. யோசிப்பது சாமியின் வேலையும் இல்லை.

போன வருடம் விரதத்தின் நடுவில் யமுனா தூரமாகிவிட்டாள். பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாக்கு விரித்துப் படுத்தாள். சாணி நாற்றத்தில் சோறு இறங்கவில்லை. அப்படியும் விரதம் கெட்டுவிட்டது என்று ஆதிகேசவன் மாலையைக் கழற்றிவிட்டு, கழற்றிய கையோடு செங்கமலத்தை வாசலில் இழுத்துப்போட்டு அடித்தார். அந்த வருடம் கடலை சரியாகக் காய்க்காததற்கும் போர்க் கிணற்றில் தண்ணீர் இறங்கியதற்கும் அதுதான் காரணம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த வருடம் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஜோதி பார்த்துவிட்டு வந்தவர், "சாமி எங்க வூட்ட காப்பாத்திட்டாரு" என்று தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப் போனார்.

அவ்வளவு பெருமைப்பட்ட வீட்டில்தான் இப்போது பிரிக்காத பாக்கெட் ஒன்று கிடந்தது.

"எவன்டி அவன்?" என்றாள் செங்கமலம். குரலைத் தணித்துக் கேட்டாள். தெருக்குழாயில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எவன்?"

"நடிக்காத. தலைமுடிய புடிச்சி இழுத்து அறுத்துப் போட்டுடுவேன். மாசம் நின்னு போச்சின்னா வேற இன்னா அர்த்தம்? எவன்கூட போன?"

அம்மா சொல்வது பிள்ளை விஷயம் என்று யமுனாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளை எப்படி வரும் என்பதுதான் அவளுக்குத் தெரியாது. சிரிக்க வேண்டாம். அவள் வகுப்பில் யாருக்கும் தெரியாது. நாகபூஷணம் சார் அந்தப் பாடத்தை நடத்தியபோது பெண் பிள்ளைகளை எல்லாம் பள்ளித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்பிவிட்டார். செம்பருத்திச் செடிக்கு அன்று கிடைத்த தண்ணீரில் வேர் அழுகாமல் இருந்ததே பெரிது. திரும்பி வந்தவர்களிடம், "பூவோட படம் மட்டும் நேர்ச்சுகோண்டி, படிச்சுக்கோங்க, அதுதான் பரீட்சைக்கி வரும்" என்று முடித்துக்கொண்டார். யமுனா அதை நன்றாகவே படித்து வைத்திருந்தாள். மகரந்தம் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குக் காற்றில் போகும், வண்டின் காலில் ஒட்டிக்கொண்டு போகும், சும்மா உரசினாலும் போகும். போனால் காய் பிடிக்கும். பூவுக்கு அவ்வளவு போதும் என்றால் மனுஷிக்கு எவ்வளவு வேண்டும் என்று புத்தகம் சொல்லவில்லை.

ஆகவே அவள் தன் பங்குக்கு யோசித்தாள். யோசித்தால் ஒரு நாள் நினைவுக்கு வந்தது. மார்கழியில் பிச்சாட்டூர் டியூஷன் விட்டு வரும்போது நல்ல மழை. ஷேர் ஆட்டோவில் மூட்டை போல ஆட்களை அடைத்திருந்தார்கள். பக்கத்தில் கோபிகிருஷ்ணன், அவள் வகுப்புப் பையன். வழி நெடுக அவன் தோள் இவள் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. அவன் குடித்துவிட்டுக் கொடுத்த பாட்டிலில் இவளும் தண்ணீர் குடித்தாள். அதுவாக இருக்குமோ?

"ஒரு நாளு மழையில," என்றாள். "கோபிகிருஷ்ணன் கூட. ஆட்டோவுல."

செங்கமலம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஆட்டோவுலயா? அய்யோ, ஆட்டோவுலயா!"

ஆட்டோவில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். கேட்கவில்லை. அந்த வீட்டில் அதைக் கேட்பதற்குச் சொல்லே கிடையாது. திட்டுவதற்கு மட்டும் ஆயிரம் சொல் இருந்தது. அத்தனையும் மகளின் மேல் கொட்டினாள்.

ராத்திரியே ஆதிகேசவனுக்கு விஷயம் தெரிந்து, போனில் சேதி போய், மறுநாள் பாகாலாவிலிருந்து அப்பாவின் அக்கா செல்லியம்மா வந்து இறங்கினாள். நல்லதுக்குக் கூப்பிட்டால் ரயில் இல்லை, பஸ் இல்லை என்று சாக்குச் சொல்கிறவள், இதற்கு விடிந்ததும் விடியாததுமாய் வந்துவிட்டாள். உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்தினாள். யமுனாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"மூஞ்சப் பாத்தாவே தெரியுதே. கண்ணு உள்ள போயிருக்குது பாரு."

இரவெல்லாம் அழுதால் யாருக்கும் கண் உள்ளேதான் போகும்.

ஆதிகேசவன் வாசல்படியில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கோபிகிருஷ்ணனை வெட்டாமல் விடமாட்டேன் என்றார். செல்லியம்மா அவரைத் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"தம்பி, உனுக்குப் புத்தி கீதா? அவன வெட்டினா ஊருக்கே தம்பட்டம் அடிச்ச மாரி ஆயிடும். காதும் காதும் வெச்ச மாரி முடிக்கணும். மொதல்ல இவள திருப்பதிக்கி இட்டுக்கினு போயி கலச்சிட்டு வா செங்கமலம். இஸ்கூலு வேணாம். பரீச்சையும் வேணாம். படிச்சி கிழிச்சது போதும். எங் கிரணுக்கு நிச்சயம் பண்ணிடலாம். இந்த லட்சணத்துக்கு அவன் கட்டறேன்றதே பெருசு."

அவள் மகன் கிரண்குமாருக்கு இருபத்தெட்டு வயது. எந்த வேலைக்குப் போனாலும் ஒரு மாதம் நிற்பதில்லை. இதுவரை பார்த்த பெண் வீட்டார் எல்லாரும் விசாரித்துவிட்டு ஓடிப்போனார்கள். செல்லியம்மாவுக்கு அழுகை வந்த மாதிரிதான் குரல் இருந்தது, ஆனால் முகத்தில் சந்தோஷம் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் தவித்தது.

"எனுக்குப் பதினஞ்சி வயசு அத்தை" என்றாள் யமுனா.

"அத ஆட்டோவுல ஏற சொல்லோ நெனச்சிருக்கணும்."

ஆதிகேசவன் மகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. பள்ளிப் பையைத் தூக்கிப் பரண்மேல் போட்டார். அதைப் பார்த்தபோதுதான் யமுனாவுக்கு உண்மையில் பயம் வந்தது. பரீட்சை போனால் பாலிடெக்னிக் போச்சு. பாலிடெக்னிக் போனால் பாகாலாவில் அத்தை வீட்டு அடுப்பங்கரைதான்.

அதற்கு மறுநாள் செங்கமலம் மகளைத் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த ஒரு சின்ன கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அதை அவளுக்குச் சொன்னது யார் என்று தெரியாது. பெஞ்சு முழுக்க வயிற்றைத் தள்ளிக்கொண்டு பெண்கள். அவர்கள் கண் எல்லாம் யமுனாவின் சீருடைத் துப்பட்டாவில் இருந்தது. மாற்றுவதற்கு நல்ல துப்பட்டா ஒன்று அவளிடம் இல்லை. நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் டப்பியைக் கையில் திணித்து, "யூரின் பட்டுகோனி ரா", பிடித்துக்கொண்டு வா என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

டாக்டர் ஹரிப்ரியா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சோதனைப் பட்டையைத் திருப்பிப் பார்த்தார். "கர்ப்பம் லேது."

யமுனாவுக்கு மூச்சு வந்தது. செங்கமலத்துக்கு வரவில்லை.

"இன்னொரு தபா பாருங்க மேடம். அவளே ஒத்துக்கினா."

"ரெண்டு தடவ பாத்தாச்சும்மா. கர்ப்பம் இல்ல. சந்தோஷப்படுவீங்கன்னு பாத்தா சண்டைக்கி வர்றீங்க?" டாக்டர் இப்போதுதான் யமுனாவைப் பார்த்தார். "நீ என்னத்த ஒத்துக்கிட்ட?"

யமுனா தரையைப் பார்த்தபடி கேட்டாள். "ஆட்டோவுல பையன் பக்கத்துல ஒக்காந்தா புள்ள வருமா மேடம்? அவன் குடிச்ச தண்ணிய குடிச்சா?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். அங்கே யாரிடமோ சொன்னாள் போல, பெஞ்சிலிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மா அடித்தபோது வராத ஆத்திரம் யமுனாவுக்கு அந்தச் சிரிப்பில் வந்தது. தெரியாமல் வைத்திருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து தெரியவில்லை என்று சிரிக்கிறார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. எரிச்சல்தான் பட்டார். "டென்த் படிக்கிற, இது தெரியாதா? என்ன இஸ்கூலோ! இங்க பாரு. பக்கத்துல ஒக்காந்தா வராது. தொட்டா வராது. எச்சில் தண்ணி குடிச்சா வராது. ஆணும் பொண்ணும் உடலுறவு வெச்சிக்கிட்டாதான் புள்ள வரும். அது நடந்துச்சா?"

"இல்ல மேடம்."

"அவ்ளோதான். மாசா மாசம் கர்ப்பப்பைக்குள்ள ஒரு படலம் வளரும். கரு தங்கலன்னா அந்தப் படலம் ரத்தமா வெளிய வந்துடும். அதுதான் மாதவிடாய். அழுக்கும் இல்ல, தோஷமும் இல்ல. சத்து கொறஞ்சா தள்ளிப்போகும், மாத்திர சாப்டா தள்ளிப்போகும். ஏதாச்சும் மாத்திர சாப்ட்டியா?"

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள் செங்கமலம். கேள்வி முடிவதற்குள் சொல்லிவிட்டாள்.

"சத்து மாத்திர" என்றாள் யமுனா. "அம்மா குடுத்துச்சி. சின்னதா, வெள்ளையா. காலையில, மத்தியானம், ராத்திரி."

"எப்போலேருந்து?"

"நைனா மாலை போட்டதுலேருந்து, அவுரு மலைக்கிப் போயி வர வரிக்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சித்தூர் ஜில்லாவில் பிறந்து திருப்பதியில் வைத்தியம் பார்க்கிறவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. "ஏனம்மா, நீங்க மனுஷிங்கதானா? கார்த்திகம் வந்தா எனக்கு இதே ரோதனை. தரிசன டிக்கெட்டுன்னு ஒரு கும்பல், மாலைன்னு ஒரு கும்பல். பெரியவங்களுக்குக் கொஞ்ச நாளைக்கி, அதுவும் டாக்டரைக் கேட்டுட்டுக் குடுக்கிற மாத்திரையை இந்தப் பொண்ணுக்கு மண்டலம் முழுக்கக் குடுத்துருக்கீங்க. அதுவும் பொய் சொல்லி! அப்புறம் ஏன் வரலன்னு அவளையே அடிப்பீங்களா?"

செங்கமலம் முந்தானையை முறுக்கினாள். "கம்பெனி பஸ்ஸுல எல்லாரும் போடறாங்க மேடம். ஸ்ரீசிட்டி கேண்டீன்ல என்கூட வேல செய்யறவங்க எல்லாம் திருமலைக்கி போவ சொல்லோ இதத்தான் துன்றாங்க. நானும் போட்டுக்கினேன். நிறுத்தினா வந்துடும்னாங்க. எனுக்கு வந்துடுச்சி. இவுளுக்கு வர்ல. அதான்..."

அதான் என்று நிறுத்தினாள். தனக்கு வந்தது, மகளுக்கு வரவில்லை, ஆகவே மகள் கெட்டுப்போனவள். மாத்திரையின் மேல் ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை. சாமி காரியத்துக்கு வாங்கிய மாத்திரை எப்படிக் கெடுதல் செய்யும்?

ரத்தம் குறைவாக இருக்கிறது என்று டாக்டர் நிஜமான சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தானாக வரும், அடுத்த மாதமும் வராவிட்டால் கூட்டிக்கொண்டு வா என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினார். மொத்தமே கொஞ்ச நேரம்தான். இந்தக் கொஞ்ச நேரப் பேச்சை இத்தனை வருடம் ஒருத்தருக்கும் பேச வாய் வரவில்லையே என்று யமுனாவுக்குக் கொதித்தது.

பஸ் புத்தூர் தாண்டியது. கூட்டம் குறைந்ததும் செங்கமலம் மகளின் கையைப் பிடித்தாள். காலையிலிருந்து முதல் தடவையாக அடிப்பதற்கு இல்லாமல் தொட்டாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று யமுனா நினைத்தாள்.

"நைனாகிட்ட மாத்திர பேச்சே எடுக்காத."

"ஏன்?"

"சாமிதான் காப்பாத்திச்சின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரு. மாத்திரையாலதான்னு தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவாரு. போன வருசம் பாத்தல்ல?"

"அப்போ டாக்டரு இன்னா சொன்னாங்கன்னு சொல்வ?"

செங்கமலம் ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்பைப் பார்த்தாள். "கலஞ்சி போச்சின்னு சொல்லிடறேன்."

யமுனா கையை உதறினாள். "இல்லாத புள்ளையா? எந் தலையில போடறியா?"

"ரெண்டு நாளு திட்டுவாங்க. அப்புறம் மறந்துடுவாங்க. கிரணும் ஒண்ணும் கெட்டவன் இல்ல. குடிக்கிறதுன்னா எவன்தான் குடிக்கல? நீ சின்னப் பொண்ணு, தாங்கிக்குவ. எனுக்கு இன்னொரு தபா அடி வாங்க ஒடம்புல தெம்பில்லடி."

அம்மா அழுதாள். பொய்யாக அழவில்லை, நிஜமாகவே அழுதாள். யமுனாவுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தையும் மீறிக்கொண்டு வெறுப்பு வந்தது. தன் முதுகைக் காப்பாற்ற மகளின் வாழ்க்கையை முன்னால் பிடிக்கிறாள். அடி விழும் என்பதும் உண்மை, இது அநியாயம் என்பதும் உண்மை.

வீட்டில் செல்லியம்மா வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சள் எல்லாம் தட்டில் எடுத்து வைத்துத் தயாராக இருந்தாள். திருப்பதியிலிருந்து என்ன சேதி வரும் என்றுகூடக் காத்திருக்கவில்லை.

"இன்னா செங்கமலம், ஆச்சா?"

"ஆச்சி அண்ணி." செங்கமலம் யாரையும் பார்க்காமல் சொன்னாள். "கலஞ்சிடுச்சி."

"நல்லதாப் போச்சி. தம்பி, கையக் கழுவிட்டு வா. தட்ட மாத்திக்கலாம்."

"கலய எதுவும் இல்ல" என்றாள் யமுனா.

ஆதிகேசவன் திரும்பினார்.

"எனுக்குப் புள்ளயே உண்டாவல நைனா. டாக்டரு ரெண்டு தபா பாத்தாங்க. நா எவன்கூடயும் போவல. கோபி பக்கத்துல ஒக்காந்தேன், அவ்ளோதான். மாதவிடாய் நின்னது மாத்திரையால. நீ மாலை போட்டப்போ நா தூரமாவக் கூடாதுன்னு அம்மா குடுத்துச்சி. சத்து மாத்திரன்னு சொல்லிக் குடுத்துச்சி. கர்ப்பப்பைக்குள்ள..."

"வாய மூடுடி!" செல்லியம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "ஆம்பளைங்க முன்னால இன்னா பேச்சி பேசறா இவ! தூ!"

ஆட்டோ, கலைப்பு, எவன்கூட என்று நேற்றெல்லாம் கூசாமல் பேசியவள் கர்ப்பப்பை என்ற சொல்லுக்குக் காதைப் பொத்தினாள். ஆதிகேசவனோ மனைவியின் பக்கம் பாய்ந்தார். கை ஓங்கியாகிவிட்டது. செங்கமலம் சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

யமுனா அம்மாவின் முன்னால் போய் நிற்கவில்லை. நேராகக் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளை எடுத்து இரண்டு கதவையும் அகலத் திறந்தாள். எதிரே தெருக்குழாய். குடங்களோடு நின்ற பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடி" என்றாள். "ஒரு அடி உழுந்தாலும் கொழாயாண்ட போயி நின்னுக்கினு மொத்தத்தயும் சொல்றேன். மாதவிடாய்ன்னு சொல்வேன். கர்ப்பப்பைன்னு சொல்வேன். சாமி காப்பாத்தல, மெடிக்கல் ஷாப்பு மாத்திரதான் காப்பாத்திச்சின்னு சொல்வேன். அந்தத் தட்ட மாத்தினாலும் சொல்வேன். என்னைப் பரீச்ச எழுத விடலன்னாலும் சொல்வேன்."

"கதவ மூடு" என்றார் ஆதிகேசவன். குரல் எழும்பவில்லை.

"பைய எடுத்துக் குடு."

வெளியே ஒருத்தி, "இன்னா யமுனா, இன்னா சத்தம்?" என்று கேட்டாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு இரண்டடி முன்னால் வந்தாள்.

ஆதிகேசவன் கையை இறக்கினார். ஸ்டூலில் ஏறிப் பரண்மேலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார். யமுனா அதைத் தூக்கிக்கொண்ட பிறகுதான், "ஒண்ணும் இல்லக்கா" என்று தெருவுக்குச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். செல்லியம்மா தட்டிலிருந்த பூவையும் மஞ்சளையும் அள்ளித் தன் பைக்குள் திணித்தாள். "இவள எவன் கட்டுவான்னு நானும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பாகாலாவுக்குப் புறப்பட்டாள்.

செங்கமலம் அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள். யமுனா அறையின் நடுவே பாயை விரித்து சோஷியல் புத்தகத்தைத் திறந்தாள். எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை.

ஆதிகேசவன் சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக எழுந்து வந்து மகளின் பக்கத்தில் குந்தினார். ஏதோ கேட்க வாயெடுத்தார், நிறுத்தினார், மறுபடி எடுத்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார் என்று யமுனா எதிர்பார்த்தாள். அப்படி ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் அங்கேயே உடைந்து அழுதிருப்பாள்.

"ஏம்மா, மாத்திரையால நின்னிருந்தாலும் வூட்டுல தூரம் வர்லதான? அப்போ என் விரதம் கெடலதான?"

யமுனா பக்கத்தைத் திருப்பினாள்.

"அத உன் சாமிகிட்டயே கேளு நைனா. நா படிக்கணும், எழுந்து அந்தாண்ட போ."